ஜெர்மன் மொழியில் விலை கேட்பதும் பதிலைப் பிடிப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜெர்மனிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு வாரத்தில் ஒரு நாள் ஜெர்மன் சொல்லிக்கொடுக்கிறேன். படிக்க வந்தவர்கள், வேலைக்கு வந்தவர்கள், கணவரோடோ மனைவியோடோ சேர்ந்து வாழ வந்தவர்கள் என எல்லோரும் இருக்கிறார்கள். முதல் இரண்டு மாதத்தில் அவர்களிடமிருந்து வரும் கேள்விகளில் பாதி கடையைப் பற்றியவைதான். விலை கேட்க ஒரு வாரத்தில் பழகிவிடுகிறார்கள். ஆனால் பதில் காதில் ஏறுவதில்லை. கல்லாவில் இருப்பவர் சொன்னது நாலா நாற்பதா என்று புரியாமல் ஐம்பது யூரோ நோட்டை நீட்டிவிட்டு, கையில் விழுந்த சில்லறையை எண்ணாமல் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அதனால் இந்தப் பக்கத்தில் கேட்பதைவிடக் கேட்டுப் புரிந்துகொள்வதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். ஜெர்மன் சொற்களைத் தமிழ் எழுத்தில் முடிந்தவரை ஒலிக்கு நெருக்கமாக எழுதியிருக்கிறேன், வாய்விட்டுப் படியுங்கள்.

விலை கேட்க ஒரே ஒரு வாக்கியம் மட்டும் கற்றுக்கொள்வதென்றால் எது?

"வஸ் கொஸ்டெட் டஸ்?" இது என்ன விலை என்பதற்கு இதுவே போதும். "வீ ஃபீல் கொஸ்டெட் டஸ்?" என்றாலும் அதே பொருள்தான், எதைச் சொன்னாலும் சரி. ஒன்றுக்கு மேற்பட்ட பொருளென்றால் வினைச்சொல் மாறும்: "வஸ் கொஸ்டென் டீ எப்ஃபெல்?", அதாவது ஆப்பிள்கள் என்ன விலை. நம் ஆட்கள் பலர் "வஸ் இஸ்ட் ப்ரைஸ்?" என்று ஆரம்பிக்கிறார்கள். தமிழில் "விலை என்ன" என்று கேட்டுப் பழகியதால் வருவது அது. கடைக்காரருக்குப் புரியும், ஆனால் அங்கே யாரும் அப்படிக் கேட்பதில்லை. இன்னொன்று, நேராகப் போய் விலையைக் கேட்காதீர்கள். முதலில் ஒரு "ஹலோ" அல்லது "குட்டென் டாக்", அப்புறம் கேள்வி. சின்னக் கடைகளில் வணக்கம் சொல்லாமல் விலை கேட்டால் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

பெயர்ச்சொல்லின் பாலுக்கேற்ப அதன் முன்னால் வரும் டெர், டீ, டஸ் குழப்பமாக இருக்கிறது. சொல்லின் பால் தெரியாமல் எப்படி விலை கேட்பது?

விரலால் காட்டி "வஸ் கொஸ்டெட் டஸ் ஹீர்?" என்று கேளுங்கள். "இங்கே இருக்கிற இது" என்று பொருள். சட்டையோ, சீஸோ, மேசை விளக்கோ எதுவானாலும் "டஸ் ஹீர்" சரியாக இருக்கும். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் பொருளுக்கு "டஸ் டா", அதாவது அது. பால் தெரியும்வரை வாயைத் திறக்க மாட்டேன் என்று ஆறு மாதம் சுட்டுவிரலோடு மட்டும் கடைக்குப் போய் வந்த ஒரு மாணவி எனக்கு இருந்தார். அது அவசியமே இல்லை.

எண்கள் தனித்தனியாகத் தெரியும், ஆனால் விலையாகச் சொன்னால் பிடிபடுவதில்லை. ஏன்?

எல்லோரும் இடறும் இடம் இதுதான். ஜெர்மனில் 21 முதல் 99 வரை ஒன்றின் இடத்தை முதலில் சொல்வார்கள், பத்தின் இடம் பிறகு வரும். நாம் இருபத்துநான்கு என்கிறோம், அவர்கள் "ஃபீர்-உன்ட்-ட்ஸ்வன்ட்ஸிஹ்" என்கிறார்கள், நான்கும் இருபதும் என்பதுபோல. இந்தி தெரிந்தவர்களுக்கு இது கொஞ்சம் எளிது, பச்சீஸ், சப்பீஸ் என்று ஒன்றின் இடத்தை முதலில் சொல்லி அவர்கள் நாக்கு ஏற்கெனவே பழகியிருக்கிறது. தமிழ் மட்டும் பேசி வளர்ந்தவர்களுக்கு மூளை ஒரு நொடி பின்தங்கும், அந்த நொடிக்குள் அடுத்த வார்த்தை வந்துவிடும்.

டொய்ச்லாண்ட் டிக்கெட்டை வைத்து இதைப் பழகலாம், எல்லோர் வாயிலும் இருக்கும் விலை அது. நாடு முழுவதும் உள்ளூர் ரயிலிலும் பஸ்ஸிலும் போகலாம் என்று 2023 மே மாதம் 49 யூரோவுக்கு வந்தது: "நொய்ன்-உன்ட்-ஃபீர்ட்ஸிஹ்". 2025 ஜனவரியில் 58 ஆனது: "அஹ்ட்-உன்ட்-ஃப்யூன்ஃப்ட்ஸிஹ்". 2026 ஜனவரியில் 63: "ட்ரை-உன்ட்-ஸெஹ்ட்ஸிஹ்". இதற்கெல்லாம் முன்னால் 2022 கோடையில் மூன்று மாதம் மட்டும் 9 யூரோ டிக்கெட் இருந்தது, அது வெறும் "நொய்ன்". இந்த நாலு எண்ணையும் நாலு நாள் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், தலைகீழ் வரிசை பழகிவிடும்.

எழுதும்போது ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். "ஃபீர்-உன்ட்" என்று காதில் விழுந்த உடனே பேனாவை வைத்து 4 என்று எழுதாதீர்கள். முழு எண்ணும் முடியும்வரை பொறுங்கள். அவசரப்பட்டு எழுதுகிறவர்கள்தான் 42-ஐயும் 24-ஐயும் மாற்றிப் போடுகிறார்கள்.

"உன்ட்" என்ற சொல் அவ்வளவு முக்கியமா?

மிக முக்கியம். "ட்ரை ஒய்ரோ ட்ஸ்வன்ட்ஸிஹ்" என்றால் 3 யூரோ 20 சென்ட். "ட்ரை-உன்ட்-ட்ஸ்வன்ட்ஸிஹ் ஒய்ரோ" என்றால் 23 யூரோ. இரண்டிலும் மூன்றும் இருபதும் ஒரே வரிசையில்தான் வருகின்றன, நடுவில் வருவது "ஒய்ரோ"வா "உன்ட்"டா என்பதுதான் வேறுபாடு. அதிலும் வேகமாகப் பேசும்போது "ஒய்ரோ"வையே விட்டுவிட்டு "ட்ரை ட்ஸ்வன்ட்ஸிஹ்" என்பார்கள், அதுவும் 3,20தான். "உன்ட்" காதில் விழவில்லையென்றால் அது பெரும்பாலும் யூரோவும் சென்டும்.

அடுத்த பொறி 13-ம் 30-ம். "ட்ரைட்ஸேன்" பதின்மூன்று, "ட்ரைஸிஹ்" முப்பது. 15 "ஃப்யூன்ஃப்ட்ஸேன்", 50 "ஃப்யூன்ஃப்ட்ஸிஹ்". கடைசி அசையில் "ஏன்" என்று நீண்டு ஒலித்தால் 13 முதல் 19 வரையுள்ள எண், "இஹ்" என்று குறுகி முடிந்தால் பத்தின் மடங்கு. தெற்கே முனிக் பக்கம் போனால் "இஹ்" என்பது "இக்" என்று கேட்கும், பயப்பட வேண்டாம். அப்புறம் தொலைபேசியில் 2-ஐ "ட்ஸ்வை" என்று சொல்லாமல் "ட்ஸ்வோ" என்பார்கள். "ட்ரை"யோடு குழம்பிவிடக்கூடாது என்பதற்காகச் செய்வது அது, புதிய எண் எதுவும் இல்லை.

2,49 என்று எழுதியிருப்பதை எப்படிப் படிப்பது?

"ட்ஸ்வை ஒய்ரோ நொய்ன்-உன்ட்-ஃபீர்ட்ஸிஹ்". சுருக்கமாக "ட்ஸ்வை நொய்ன்-உன்ட்-ஃபீர்ட்ஸிஹ்". "சென்ட்" என்று கடைசியில் சொல்ல வேண்டியதில்லை, யூரோவுக்கு உட்பட்ட விலையில் மட்டும் சொல்வார்கள்: 0,99 என்றால் "நொய்ன்-உன்ட்-நொய்ன்ட்ஸிஹ் ஸென்ட்". எண்ணுக்குப் பின்னால் யூரோவும் சென்டும் பன்மை ஆகாது. "ட்ஸ்வை ஒய்ரோ"தான், "ஒய்ரோஸ்" இல்லை.

ஒரு யூரோவுக்கு மட்டும் ஒரு சின்ன இலக்கணம் உண்டு. தனியாகச் சொன்னால் "ஐன் ஒய்ரோ". ஆனால் "கொஸ்டெட்" என்ற வினைக்குப் பின்னால் இரண்டாம் வேற்றுமை வர வேண்டும் என்பதால் "டஸ் கொஸ்டெட் ஐனென் ஒய்ரோ". 1,80-ஐ "ஐன்ஸ் அஹ்ட்ஸிஹ்" என்று முடித்துவிடுவார்கள், அதில் இந்தச் சிக்கலே வராது.

காற்புள்ளியும் புள்ளியும் ஏன் இடம் மாறியிருக்கின்றன?

ஜெர்மனில் தசமத்துக்குக் காற்புள்ளி, ஆயிரத்துக்குப் புள்ளி. 2,49 என்றால் இரண்டு யூரோ நாற்பத்தொன்பது சென்ட். 1.250 என்றால் ஆயிரத்து இருநூற்று ஐம்பது. வீட்டு வாடகை விளம்பரத்தில் 1.250 என்று பார்த்துவிட்டு ஒன்றேகால் என்று ஒருகணம் படித்துவிடுகிற கண் நம்முடையது. லட்சம் என்ற பிரிவும் கிடையாது, நாம் 1,25,000 என்று எழுதுவதை அவர்கள் 125.000 என்று எழுதுவார்கள். சுவிட்சர்லாந்தில் மட்டும் விலையில் புள்ளி வரும், 2.50 என்று.

சந்தையில் சாக்குக்கட்டியால் எழுதிய பலகைகளில் இன்னொரு சங்கடம் உண்டு. ஜெர்மானியர்கள் கையால் எழுதும் 1-க்கு மேலே ஒரு நீண்ட கொக்கி இருக்கும், பார்த்தால் நம் 7 போல இருக்கும். அவர்களுடைய 7-க்கு நடுவில் ஒரு குறுக்குக் கோடு போடுவார்கள். நடுவில் கோடு இல்லையென்றால் அது 1 என்று எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வருடம் ஒரு தக்காளிக் கடையில் 1,50-ஐ 7,50 என்று படித்துவிட்டு வாங்காமலே திரும்பியிருக்கிறேன். இரண்டு வாரம் கழித்துத்தான் விஷயம் புரிந்தது.

பேக்கரியில் என்னென்ன பேசுவார்கள்? வரிசையாகச் சொல்லுங்களேன்.

நான் தினமும் காலையில் போகும் கடையில் நடப்பதை அப்படியே எழுதுகிறேன். உள்ளே நுழைந்ததும் அந்தப் பெண்மணி, "குட்டென் மோர்கென், வஸ் டார்ஃப்ஸ் ஸைன்?" என்பார். என்ன வேண்டும் என்பதுதான், சொல்லுக்குச் சொல் பிரித்துப் பார்த்தால் தலை சுற்றும், அப்படியே மனப்பாடம் செய்யுங்கள். நான், "ஃபீர் ப்ரோட்ஷென், பிட்டெ". நாலு பன். உடனே அவர், "ஸொன்ஸ்ட் நொஹ் வஸ்?", வேறு ஏதாவது? "ஐன் ரொக்கென்ப்ரோட், கெஷ்னிட்டென்", ஒரு ரொக்கென் ரொட்டி, துண்டு போட்டு. கம்புரொட்டி என்று நினைத்துவிடாதீர்கள், ரொக்கென் என்பது குளிர்நாட்டுத் தானியமான ரை. அவர் ரொட்டியை இயந்திரத்தில் வைக்கும்போது நான் "டஸ் வேர்ஸ்" என்று சொல்லிவிடுவேன். அவ்வளவுதான் என்று பொருள். இந்தச் சொல் இல்லாமல் சும்மா நின்றால் அவர் காத்துக்கொண்டே இருப்பார், பின்னால் வரிசை நீளும்.

அப்புறம் விலை வரும்: "டஸ் மஹ்ட் டன் ஃப்யூன்ஃப் ஒய்ரோ ஃப்யூன்ஃப்-உன்ட்-அஹ்ட்ஸிஹ்". 5,85. இங்கே கவனியுங்கள், கேள்வியில் "கொஸ்டெட்" என்று கேட்டாலும் மொத்தத் தொகையைச் சொல்லும்போது "டஸ் மஹ்ட்" என்பார்கள், மொத்தம் இவ்வளவு ஆகிறது என்பதுபோல. பத்து யூரோ நோட்டைக் கொடுத்தால், "உன்ட் ஃபீர் ஃப்யூன்ஃப்ட்ஸேன் ட்ஸுர்யூக்", மீதி 4,15. இந்த "ட்ஸுர்யூக்" வரும்போது காதைத் தீட்டிக்கொள்ளுங்கள், இரண்டாவது எண்ணைக் கேட்டுப் பழக இதைவிட நல்ல இடம் இல்லை. சில சமயம் "ஹாபென் ஸீ எஸ் பஸ்ஸென்ட்?" என்று கேட்பார், சரியான சில்லறை இருக்கிறதா என்று. இல்லையென்றால் "லைடர் நிஹ்ட்" போதும்.

ஊருக்கு ஊர் பன்னின் பெயர் மாறும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெர்லினில் ஷ்ரிப்பெ, பவேரியாவில் ஸெம்மெல். ப்ரோட்ஷென் என்றால் எல்லா இடத்திலும் புரியும்.

சீஸ் கவுன்டரில் விலை மலிவாகத் தெரிந்தது, ஆனால் பில் மூன்று மடங்கு வந்தது. என்ன ஆயிற்று?

சீஸ், இறைச்சித் துண்டுகள் போன்றவற்றுக்கு விலைச்சீட்டில் பெரும்பாலும் 100 கிராமுக்கான விலைதான் இருக்கும். 1,99 என்று பார்த்துக் கிலோ என்று நினைத்தால் தவறு, கிலோ 19,90. எண்ணுக்குப் பக்கத்தில் பொடியாக "100 கிராம்" என்று போட்டிருப்பதைத் தேடிப் பாருங்கள். நிறுத்துக் கொடுக்கும்போது "டார்ஃப்ஸ் ஐன் பிஸ்ஷென் மேர் ஸைன்?" என்று கேட்பார்கள், கொஞ்சம் கூடுதலாக இருந்தால் பரவாயில்லையா என்று. தலையாட்டினால் கூடுதலுக்கும் சேர்த்துத்தான் விலை. வேண்டாமென்றால் "நைன், லீபர் கெனாவ்", இல்லை, சரியாகவே கொடுங்கள்.

"ப்ஃபுன்ட்" என்ற சொல்லும் வரும். எடைக்கல் காலத்துப் பவுண்டு என்று நினைக்க வேண்டாம், ஜெர்மனியில் ப்ஃபுன்ட் என்றால் நேராக 500 கிராம். "ஐன் ஹல்பெஸ் ப்ஃபுன்ட்" என்றால் கால் கிலோ. ஒன்றரைக்கு அவர்களிடமும் ஒரே சொல் இருக்கிறது, "அன்டெர்ட்ஹல்ப்". நமக்கு ஒன்றரை எவ்வளவு இயல்போ அவர்களுக்கு அது அவ்வளவு இயல்பு. "அன்டெர்ட்ஹல்ப் கிலோ டொமாட்டென்" என்று நீங்கள் சொல்லிப் பாருங்கள், கடைக்காரர் சந்தோஷப்படுவார்.

பாக்கெட் பொருள்களுக்கு விலைச்சீட்டின் ஓரத்தில் சின்ன எழுத்தில் இன்னொரு விலை இருக்கும், ஒரு கிலோவுக்கு அல்லது ஒரு லிட்டருக்கு இவ்வளவு என்று. "க்ருன்ட்ப்ரைஸ்" என்பார்கள். அதை எழுதுவது கடைக்காரரின் சட்டக் கடமை, 2022 மே மாதம் முதல் கிலோ அல்லது லிட்டர் கணக்கிலேயே எழுத வேண்டும் என்று விதி. இரண்டு பிராண்டை ஒப்பிட இதைவிட நேர்மையான எண் கடையில் இல்லை, பெரிய எழுத்தைப் பார்க்காமல் இதைப் பாருங்கள்.

தண்ணீர் பாட்டில் விலையைவிட பில்லில் ஏன் கூடுதலாக இருக்கிறது?

அது "ப்ஃபன்ட்", பாட்டிலுக்கான முன்பணம். ப்ஃபுன்ட் வேறு, ப்ஃபன்ட் வேறு, ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் கேனுக்கும் 25 சென்ட். திரும்பத் திரும்ப நிரப்பும் பாட்டில்களுக்கு வழக்கமாக 15 சென்ட், பீர் பாட்டிலுக்கு 8 சென்ட். ஆறு தண்ணீர் பாட்டில் கட்டு வாங்கினால் பில்லில் 1,50 கூடுதலாக ஏறும், காலி பாட்டிலை இயந்திரத்தில் போட்டதும் அதே 1,50-க்கு ஒரு சீட்டு வரும், கல்லாவில் கொடுத்தால் கழித்துக்கொள்வார்கள். இருபது பாட்டில் பீர் கேஸுக்குப் பாட்டில்களுக்கு 1,60, பெட்டிக்கு 1,50, ஆக 3,10. விலைச்சீட்டில் "ட்ஸுட்ஸ்யூக்லிஹ் ப்ஃபன்ட்" என்று இருக்கும், ப்ஃபன்ட் தனி என்று பொருள். பாட்டிலை நசுக்கிவிடாதீர்கள், இயந்திரம் கோட்டுக்குறியைப் படிக்க முடியாமல் திருப்பித் தள்ளிவிடும்.

விற்பனை வரி பற்றிக் கேட்கிறார்கள். அது விலையிலேயே அடங்கியிருக்கிறது, 19 சதவீதம், பெரும்பாலான உணவுப் பொருள்களுக்கு 7. கல்லாவில் கூடுதலாக எதுவும் சேராது.

மலிவு என்பதற்கு பில்லிஹ் சரியா, க்யூன்ஸ்டிஹ் சரியா?

அகராதியில் இரண்டும் மலிவுதான், பேச்சில் இல்லை. "பில்லிஹ்" என்றால் விலை குறைவு என்பதோடு தரமும் குறைவு என்ற வாசம் வரும். ஒருவர் போட்டிருக்கும் சட்டையைப் பார்த்து "பில்லிஹ்" என்று சொன்னால் மனம் நோகும். "க்யூன்ஸ்டிஹ்" என்றால் நல்ல விலைக்குக் கிடைத்தது என்ற நிறைவு. "ப்ரைஸ்வேர்ட்" என்றால் கொடுத்த காசுக்குத் தகும். அதிக விலைக்கு "டொய்யர்". இங்கே ஒரு தவறு எல்லோருக்கும் வரும்: பொருள்தான் டொய்யர், விலை டொய்யர் ஆகாது. விலையைச் சொல்வதென்றால் "ஹோஹ்", உயர்வு. "டெர் ப்ரைஸ் இஸ்ட் ஹோஹ்".

டொய்யரில் இருந்து பிறந்த ஒரு சொல் உண்டு, "டொய்ரோ". 2002 ஜனவரியில் மார்க் போய் யூரோ நாணயம் கைக்கு வந்தபோது எல்லாம் விலை ஏறிவிட்டது என்று மக்கள் புலம்பினார்கள், யூரோவையும் டொய்யரையும் ஒட்டி அப்படிச் சொன்னார்கள். அந்த வருடத்தின் ஜெர்மன் சொல்லாக அதையே தேர்ந்தெடுத்தார்கள். ஒரு யூரோவுக்கு 1,95583 மார்க் என்பது மாற்றுவிகிதம். வயதான அக்கம்பக்கத்தார் இன்றும் ஒரு விலையைக் கேட்டதும் இரண்டால் பெருக்கி மார்க்கில் யோசிப்பார்கள், அவர்களோடு விலைவாசி பேச உட்கார்ந்தால் நல்ல ஜெர்மன் பயிற்சி.

"உம்ஸொன்ஸ்ட்" என்ற சொல்லை எனக்கு மிகவும் பிடிக்கும். இலவசம் என்றும் பொருள், வீணாக என்றும் பொருள். நம் "சும்மா" மாதிரியே. சும்மா கொடுத்தான், சும்மா போய்விட்டு வந்தேன், இரண்டுக்கும் அது பொருந்தும். குழப்பம் வேண்டாமென்றால் இலவசத்துக்கு "கொஸ்டென்லோஸ்" என்று சொல்லலாம்.

தள்ளுபடிச் சொற்கள் எவை தெரிந்திருக்க வேண்டும்?

"இம் அன்கெபோட்", சலுகை விலையில். "ரெடுட்ஸீர்ட்", குறைக்கப்பட்டது. "ஷ்டட்", இதற்குப் பதிலாக: "4,99 ஷ்டட் 7,99". "அப்" என்ற ரெண்டெழுத்துச் சொல்லைக் கவனியுங்கள், "அப் 19 ஒய்ரோ" என்றால் 19-லிருந்து ஆரம்பம், நீங்கள் விரும்பும் பொருள் 19-க்குக் கிடைக்கும் என்று யாரும் சொல்லவில்லை. "ஊ-ஃபௌ-பே" (UVP) என்று மூன்று எழுத்து வரும், தயாரிப்பாளர் பரிந்துரைக்கும் விலை. நம்மூர் எம்ஆர்பி போல அது கட்டாயம் இல்லை, கடை அதைவிடக் குறைத்தும் விற்கலாம், கூட்டியும் விற்கலாம். புத்தகங்கள் மட்டும் விதிவிலக்கு, புதிய ஜெர்மன் புத்தகம் எந்தக் கடையில் வாங்கினாலும் ஒரே விலைதான், சட்டமே இருக்கிறது.

பேரம் பேசலாமா?

சூப்பர் மார்க்கெட்டிலும் துணிக்கடையிலும் வேண்டாம். ஜெர்மானியர்களுக்கு இதில் ஏன் கூச்சம் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. 1933-ல் வந்த தள்ளுபடிச் சட்டத்தின்படி அன்றாடப் பொருள்களுக்கு ரொக்கத் தள்ளுபடி 3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, அந்தச் சட்டம் 2001-ல்தான் நீக்கப்பட்டது. இரண்டு மூன்று தலைமுறை பேரம் இல்லாமலே வளர்ந்துவிட்டது.

ஆனால் ஞாயிற்றுக்கிழமைப் பழம்பொருள் சந்தையான "ஃப்ளோமார்க்ட்டில்" தாராளமாகப் பேசலாம். "கேட் டா நொஹ் வஸ் அம் ப்ரைஸ்?", விலையில் ஏதாவது பார்த்துச் செய்ய முடியுமா என்பதற்கு இதமான கேள்வி. பெர்லினில் மைபாஹூஃபர் தெருவில் கால்வாய் ஓரத்துச் சந்தையில் கடை கட்டும் நேரம் நெருங்கினால் நீங்கள் கேட்கவே வேண்டாம், வியாபாரிகளே விலையைக் குறைத்துக் கத்துவார்கள், "ஐன் கிலோ, ஐன் ஒய்ரோ!"

பழைய சாமான் விளம்பரங்களில் விலைக்குப் பக்கத்தில் "ஃபௌ-பே" (VB) என்று போட்டிருந்தால் பேசித் தீர்க்கலாம், "எஃப்-பே" (FP) என்றால் நிலையான விலை. செய்தி அனுப்பும்போது "வஸ் லெட்ஸ்டெ ப்ரைஸ்?" என்று மட்டும் எழுதாதீர்கள். கடைசி விலை சொல்லு என்று அதட்டுவதுபோல இருக்கும், பலர் பதிலே போட மாட்டார்கள். "ஹலோ" சொல்லி, "வ்யூர்டென் ஸீ எஸ் ஆவ்ஹ் ஃப்யூர் ஃபீர்ட்ஸிஹ் ஒய்ரோ அப்கேபென்?", நாற்பது யூரோவுக்குத் தருவீர்களா என்று எழுதினால் ஐந்தில் மூன்று முறை எனக்குச் சரி என்று வந்திருக்கிறது.

உணவகத்தில் காசு கொடுக்கும்போது என்ன சொல்வது?

"ட்ஸாலென், பிட்டெ" என்றால் பரிமாறுகிறவர் பில்லோடு வருவார். முதல் கேள்வி, "ட்ஸுஸம்மென் ஓடர் கெட்ரென்ட்?", சேர்த்தா தனித்தனியாகவா. நண்பர்கள் அவரவர் சாப்பிட்டதற்கு அவரவர் கொடுப்பது அங்கே சாதாரணம், அதில் மனத்தாங்கல் எதுவும் இல்லை.

டிப்ஸை மேசையில் வைத்துவிட்டு வரும் பழக்கம் குறைவு. கொடுக்க நினைக்கும் மொத்தத் தொகையை வாயால் சொல்ல வேண்டும். பில் 17,60 என்றால் இருபது யூரோவை நீட்டி "நொய்ன்ட்ஸேன், பிட்டெ" என்கிறீர்கள், அவர் ஒரு யூரோ திருப்பித் தருவார். மீதி வேண்டாமென்றால் "ஷ்டிம்ட் ஸோ". ஐந்து முதல் பத்து சதவீதம் வரை கொடுப்பது வழக்கம். ஒரு எச்சரிக்கை: ஐம்பது யூரோ நோட்டை நீட்டும்போது "டங்கெ" என்று சொல்லாதீர்கள். மீதியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று அவர் எடுத்துக்கொள்ளக்கூடும். மீதி கைக்கு வந்தபிறகு நன்றி சொல்லுங்கள்.

கல்லாவில் விலைக்குப் பதிலாக வேறு ஏதோ கேட்கிறார்கள், புரிவதில்லை.

எண்ணுக்காகக் காதைத் தயாராக வைத்திருக்கும்போது வேறு கேள்வி வந்தால் யாருக்குமே தடுமாறும். பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான். "ஸம்மெல்ன் ஸீ புங்க்டெ?", புள்ளிகள் சேர்க்கிறீர்களா, உறுப்பினர் அட்டை இல்லையென்றால் "நைன்". "பார் ஓடர் மிட் கார்ட்டெ?", ரொக்கமா அட்டையா. "ப்ராவ்ஹென் ஸீ டென் பொங்?", ரசீது வேண்டுமா. "பொங்" பிரெஞ்சிலிருந்து வந்த சொல், எழுத்தில் பார்த்தால் பான் போலத் தெரியும். 2020 முதல் மின்னணுக் கல்லா வைத்திருக்கும் கடைகள் ஒவ்வொரு விற்பனைக்கும் ரசீது கொடுக்க வேண்டும், இரண்டு பன் வாங்கினாலும் சீட்டு வருவது அதனால்தான். வாசலில் "நூர் பார்ட்ஸாலுங்" என்று இருந்தால் ரொக்கம் மட்டும், சின்ன பேக்கரிகளில் இன்றும் இதைப் பார்க்கலாம்.

விலை காதில் விழவில்லையென்றால் வெட்கப்படாமல் "வீ பிட்டெ?" என்று கேளுங்கள். இரண்டாவது முறையும் புரியவில்லையென்றால் "க்யோன்னென் ஸீ டஸ் பிட்டெ ஆவ்ஃப்ஷ்ரைபென்?", எழுதிக் காட்ட முடியுமா. நான் பார்த்தவரை யாரும் இதற்குக் கோபப்பட்டதில்லை.

வாடகை விஷயத்தில் என்ன சொற்கள்?

சுருக்கமாகச் சொல்கிறேன். "கல்ட்மீட்டெ" என்பது வெறும் வாடகை, "வார்ம்மீட்டெ" என்பது தண்ணீர், குப்பை, பொதுவாக வெப்பமூட்டலும் சேர்ந்தது. மின்சாரம் பெரும்பாலும் தனி. விளம்பரத்தில் முதலில் தெரிவது கல்ட்மீட்டெயாக இருக்கலாம், எனவே "வஸ் கொஸ்டெட் டீ வோனுங் வார்ம்?" என்று கேளுங்கள். முன்பணமான "கவுட்ஸியோன்" மூன்று மாதக் கல்ட்மீட்டெயைத் தாண்டக்கூடாது என்பது சட்டம்.

ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்தில் வேறு மாதிரியா?

ஆஸ்திரியாவில் யூரோதான், மேலே சொன்ன எல்லாம் செல்லும். சுவிட்சர்லாந்தில் ஃப்ரங்கென், ராப்பென். மிகச் சின்ன நாணயம் 5 ராப்பென், அதனால் ரொக்கத் தொகையின் கடைசி இலக்கம் 0 அல்லது 5-ஆகத்தான் இருக்கும்.

ஏ1 தேர்வின் கேட்டல் பகுதியில் விலைக் கேள்வியைத் தவற விடுகிறேன். எப்படிப் பயிற்சி செய்வது?

குடும்பத்தோடு சேரும் விசாவுக்காக எழுதும் அந்தத் தேர்வில் விலை, தொலைபேசி எண், ரயில் நேரம் எல்லாம் வரும். கோதே நிறுவனத்தின் தேர்வில் கேட்டலின் முதல் பகுதியும் மூன்றாம் பகுதியும் இரண்டு முறை ஒலிக்கும், இரண்டாம் பகுதி ஒருமுறைதான். விலைக் கேள்வியில் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட எண் காதில் விழும். முன்பு 30 யூரோ, இப்போது 19,95 என்பதுபோல. முதலில் கேட்ட எண்ணைப் பிடித்துக்கொண்டு விடையைக் குறித்துவிடாதீர்கள். "யெட்ஸ்ட்", "நூர் நொஹ்" என்ற சொற்களுக்குப் பின்னால் வருவதுதான் இப்போதைய விலை.

வீட்டில் செய்ய ஒன்று சொல்கிறேன். ஜெர்மன் சூப்பர் மார்க்கெட்டுகளின் வாராந்தர விளம்பரத் தாள் இணையத்தில் கிடைக்கும், சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்தே பார்க்கலாம். ஒரு பக்கத்தில் இருபது விலையாவது இருக்கும். வீட்டில் ஒருவரை உட்காரவைத்து நீங்கள் வாய்விட்டுப் படியுங்கள், அவர் எழுதட்டும். மறுநாள் அவர் படிக்க நீங்கள் எழுதுங்கள். அவருக்கு ஜெர்மன் தெரியாவிட்டால் ஒலியைத் தமிழில் எழுதிக் கொடுங்கள், நான் இங்கே எழுதியிருப்பதுபோல. ஜெர்மனியில் இருப்பவர்களென்றால் கல்லாவின் திரையைப் பார்க்காமல் காதால் கேட்டுக் காசை எடுங்கள், அப்புறம் திரையைப் பார்த்துச் சரிபாருங்கள். என் வகுப்பில் ஒரு அம்மா, மகள் வீட்டுக்கு வந்தவர், தினமும் இரவு அன்றைய ரசீதை எடுத்துவைத்துக்கொண்டு பேரனுக்கு ஒவ்வொரு வரியாக விலை படித்துக் காட்டுவார், தவறென்றால் பேரன் திருத்துவான். ஆறாவது வாரம் சந்தையில் ஒரு கட்டு முள்ளங்கிக்குச் சொன்ன விலையை அவர் எனக்கு முன்னாலேயே சில்லறையாக எண்ணி வைத்துவிட்டார்.